பிரஷர் மிஷின் மேல் எனக்கு வந்த சந்தேகம்

நாற்பத்திரண்டு வயதில் காலையில் வாந்தி வந்தால் ஒரு பெண் முதலில் சந்தேகப்படுவது முந்தின நாள் தின்றதைத்தான். நான் மணப்பாறை முறுக்கைச் சந்தேகப்பட்டேன். கூட வேலை பார்ப்பவர் ஊருக்குப் போய்வந்து அன்போடு கொடுத்த பொட்டலம். எண்ணெய் சரியில்லை என்று தீர்ப்பெழுதி மிச்சத்தைக் குப்பையில் போட்டேன். முறுக்கு போன பிறகும் வாந்தி தொடர்ந்தது. ஒரு நிரபராதியைத் தண்டித்துவிட்டோம் என்ற உறுத்தலோடு மருந்துக் கடைக்குப் போனேன்.

வீட்டுப் பக்கத்துக் கடையில் வாங்கிய கிட் இரண்டு கோடு காட்டியது. கிட் பழசாக இருக்கும் என்று நினைத்தேன். சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம், என்னை யாருக்கும் தெரியாத ஒரு கடையில், வேறு கம்பெனிக் கிட் ஒன்று வாங்கினேன். அதுவும் இரண்டு கோடு.

இந்தச் சந்தேக புத்திக்கு என் தொழில்தான் காரணம். திருச்சியில் பாய்லர் செய்யும் ஆலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். பாய்லர் பாகங்களுக்குள் தண்ணீரை நிரப்பி, பிற்காலத்தில் அவை தாங்க வேண்டிய அழுத்தத்தைவிட அதிகமாகக் கொடுத்து, எங்காவது ஒரு சொட்டு கசிகிறதா என்று டார்ச் அடித்துத் தேடுவது என் வேலை. அழுத்தத்தைக் காட்டும் மீட்டரை ‘கேஜ்’ என்போம். வேலையில் சேர்ந்த அன்றே சொல்லித் தருவது இதுதான்: முள் விசித்திரமாக எதையாவது காட்டினால் முதலில் கேஜைச் சந்தேகப்படு. அதனால்தான் எப்போதும் இரண்டு கேஜ் மாட்டுகிறோம். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எப்போது சரிபார்த்தது, எந்தத் தேதிவரை நம்பலாம் என்று அதில் எழுதியிருக்கும். தேதி தாண்டிய கேஜ் சத்தியமே சொன்னாலும் நாங்கள் காதில் வாங்குவதில்லை.

இரண்டு கிட்டும் ஒரே பதிலைச் சொன்ன பிறகு கணவரிடம் சொன்னேன். செல்வம் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறார். “அப்படியா?” என்றார். கொஞ்ச நேரம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். பிறகு, “காபி போடட்டுமா?” என்றார். ரயில்வேக்காரர்கள் எதற்கும் பதற மாட்டார்கள். தாமதமாக வந்தாலும் வண்டி வந்துவிட்டதே என்பது அவர்கள் மனப்பாங்கு.

பதறியது எங்கள் மகள் தாரணி. பிளஸ் டூ படிக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் என் வயிற்றைப் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை, ஃபேனைப் பார்த்தாள்.

“ஸ்கூல்ல யாருக்கும் தெரியக்கூடாது” என்றாள்.

“நான் உன் ஸ்கூலுக்கே வரமாட்டேன்டி.”

“பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு அப்பா வரட்டும். ரிசல்ட்டுக்கும் அப்பா வரட்டும்.”

அதோடு பேச்சு முடிந்தது. பல மாதங்களுக்கு முடிந்தது. “சாப்பாடு இருக்கா”, “சார்ஜர் எங்க” என்பவற்றைப் பேச்சில் சேர்க்க முடியாதல்லவா?

தில்லைநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். கேஸ் ஷீட்டில் டாக்டரம்மா எழுதியதை எட்டிப் பார்த்தேன். ‘எல்டர்லி’ என்று இருந்தது. முதியவள்.

“முப்பத்தஞ்சு தாண்டினாலே அப்படித்தான் எழுதறது வழக்கம். மனசுல வச்சுக்காதீங்க” என்றார்.

“எழுதினது நீங்கதானே டாக்டர்?”

அவர் சிரித்துவிட்டு, தினமும் ஒரு சின்ன ஆஸ்பிரின் மாத்திரை எழுதினார். வயது கூடின கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு அதிகம், அதைக் குறைக்க இது என்று விளக்கினார். பிறகு ஸ்கேன்கள், சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்து எடுக்கும் ரத்தப் பரிசோதனை, ஒவ்வொரு முறையும் பிரஷர். எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. ஆலையில் ஒரு உருப்படிகூட இத்தனை சோதனையில் இவ்வளவு சமர்த்தாகத் தேறி நான் பார்த்ததில்லை.

ஒருமுறை செல்வத்துக்கு லீவு கிடைக்காததால் தாரணி துணைக்கு வந்தாள். காத்திருக்கும் கூடத்தில் என்னிடமிருந்து மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்து, ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டாள். முசிறியிலிருந்து மருமகளைக் கூட்டி வந்திருந்த ஓர் அம்மா வாழைப்பழம் ஒன்றை அவளிடம் நீட்டி, “யாருக்காகக் கண்ணு வந்திருக்க?” என்று கேட்டார்.

தாரணி என் பக்கம் லேசாகக் கையைக் காட்டினாள். “பக்கத்து வீட்டு ஆன்ட்டி. தனியா வந்தாங்க. அதான்.”

“நல்ல புள்ள” என்று இன்னொரு பழம் கொடுத்தார் அந்த அம்மா. பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பிரசவம் நல்லபடியாக நடந்தது. தேதிக்குக் கொஞ்சம் முன்னாலேயே வலி வரவைத்தார்கள். சுகப் பிரசவம் என்று அதற்குப் பெயர் வைத்தவர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். பையன் பிறந்தான். செல்வத்தின் மூக்கு, என் சந்தேகப் பார்வை. யார் தூக்கினாலும் புருவத்தைச் சுருக்கிப் பார்த்த பிறகே அழலாமா வேண்டாமா என்று முடிவு செய்தான்.

அடுத்த கட்டிலில் பாலக்கரையைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி, தலைப்பிரசவம். அவள் கணவன் துபாயிலிருந்து நாள் முழுக்க வீடியோவில் இருந்தான். அவளுடைய அம்மா என் கட்டிலருகே வந்து தொட்டிலை எட்டிப் பார்த்தார்.

“மாஷா அல்லாஹ்! பேரனாம்மா? பொண்ணு எங்க, ஸ்கேனுக்குப் போயிருக்கா?”

“பேரன் இல்லீங்க. சொந்தத் தயாரிப்பு.”

அவர் கன்னத்தில் கை வைத்தார். அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “அதுக்கென்னம்மா, அல்லாஹ் குடுக்கறப்ப வாங்கிக்கணும்” என்றவர், அன்று மாலை வீட்டிலிருந்து வந்த கஞ்சியில் எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினார். இந்த உரையாடல் முழுக்கத் தாரணி ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே இருந்தது ஒரு டிரான்ஸ்ஃபார்மர்.

வீட்டுக்கு அனுப்பும்போது சிஸ்டர் வந்து நிறையச் சொன்னார். எனக்கு எதுவும் ஏறவில்லை. குழந்தையின் ஒரு காலுறையைக் காணோம் என்று போர்வையை உதறிக்கொண்டிருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன். வாழ்க்கையில் நான் ஆட்டிய தலைகளிலேயே ஆபத்தானது அது.

அம்மா இல்லாதவள் நான். எனவே செல்வத்தின் அக்கா, ‘நான் இருக்கேன்’ என்று ஸ்ரீரங்கத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார். அம்மா மண்டபம் போகும் சாலையில் அவருடைய அபார்ட்மென்ட். எனக்கு அவர் அண்ணி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சந்தேகம் கேட்டால் பிடிக்காத டீச்சர். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்பது அவரைப் பொறுத்தவரை தேற்றம். நிரூபணம் கேட்கக் கூடாது. பூண்டுக் குழம்பு, வெந்தயக் களி, லேகியம், காதில் பஞ்சு. தண்ணீர் வெதுவெதுப்பாக, அளவாக.

உண்மையைச் சொன்னால், நான் அந்த வீட்டில் மகாராணியாக இருந்தேன். காலையில் பையனை வாங்கிக்கொண்டு என்னைத் தூங்கவிட்டார். களியில் நான் கேட்காமலே கருப்பட்டி கூட விழுந்தது. செல்வம் துணி துவைத்தார். அவர் துவைத்த துணி துவைத்ததுபோல் தெரியாது என்பது வேறு விஷயம்.

பிள்ளை பிறந்து ஒரு வாரம் நெருங்கும்போது தலை வலித்தது. வழக்கமான தலைவலி இல்லை. தலையைப் பட்டறை இடுக்கியான வைஸில் வைத்து யாரோ நிதானமாக இறுக்குவதுபோல் இருந்தது. மாத்திரை போட்டும் போகவில்லை. பிரசவத்துக்குப் பின் வற்ற வேண்டிய கால் வீக்கம் கூடியிருந்தது. வெயிலைச் சந்தேகப்பட்டேன்.

“காதுல பஞ்சு வைக்காம பால்கனியில நின்ன இல்ல? காத்து புகுந்திருக்கு” என்றார் அண்ணி. சுக்கை இழைத்து நெற்றியில் பத்துப் போட்டார். அது எரிந்த எரிச்சலில் தலைவலி சற்று நேரம் மறந்தது உண்மைதான்.

மதியம் பால் கொடுக்க உட்கார்ந்தபோது ஜன்னல் கம்பிகளுக்கு இடையே பொறி பறந்தது. எங்கள் ஷெட்டில் வெல்டிங் நடக்கும்போது ஓரக்கண்ணில் தெறிக்குமே, அதே மாதிரி. கண்ணை மூடினாலும் தெரிந்தது. ஸ்ரீரங்கத்து அபார்ட்மென்டில் யார் வெல்டிங் வைக்கிறார்கள் என்று யோசித்தேன். செல்வத்திடம் சொன்னேன்.

அவர், கொரோனா காலத்தில் வாங்கி எங்கள் வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு அண்ணிக்காகக் கொண்டுவந்து போட்டிருந்த பிரஷர் மிஷினைப் பரணிலிருந்து இறக்கினார். பேட்டரி மாற்றி என் கையில் பட்டையைச் சுற்றினார். அது உறுமி, இறுக்கி, தளர்ந்தது. நூற்று எழுபத்திரண்டு, நூற்றுப் பன்னிரண்டு.

பெரிய எண், இதயம் ரத்தத்தை அழுத்தித் தள்ளும்போது குழாய்ச் சுவரில் ஏற்படும் அழுத்தம். சின்னது, இதயம் ஓய்வெடுக்கும்போது இருப்பது. எண்பதில் இருக்க வேண்டியது நூற்றுப் பன்னிரண்டில் நின்றால், இதயம் ஓய்வெடுக்கும்போதும் குழாய் ஓய்வெடுக்கவில்லை என்று பொருள். பாய்லராக இருந்திருந்தால் வால்வைத் திற என்று கத்தியிருப்பேன்.

நானோ, “மிஷின் கெட்டுப்போச்சு” என்றேன்.

“உமா, இன்னொரு தடவ பாப்போம்.”

“பரண்ல கெடந்த கேஜ்ங்க அது. ஸ்டிக்கர் இருக்கா? கடைசியா எப்ப சரிபாத்தீங்க? முதல்ல வேற ஆள் மேல மாட்டிப் பாருங்க.”

மாட்டினார். அவருக்கு நூற்று இருபத்து நான்கு, எண்பது. சரியாக இருந்தது. அண்ணியைக் கூப்பிட்டேன். “எனக்கு எதுக்கு? எனக்கு பிரஷர், சுகர் எதுவும் கிடையாது. வாழ்க்கையில பாத்ததே இல்ல” என்று பெருமையாகக் கையை நீட்டினார். நூற்று ஐம்பத்தெட்டு, தொண்ணூற்றாறு.

“பாத்தீங்களா!” என்றேன் வெற்றியோடு. நெற்றியில் சுக்கு, கண்ணில் வெல்டிங், குரலில் வெற்றி. “அண்ணிக்கு பிரஷரே கிடையாது. அவங்களுக்கே நூத்தி அம்பத்தெட்டுன்னா, மிஷின் முப்பது நாப்பது கூட்டிக் காட்டுது. என்னோடதுல அதைக் கழிச்சுட்டா சரியாப் போச்சு.”

“அதான” என்றார் கணக்கு டீச்சர். “கழிச்சா வந்துடுது.”

செல்வம் தயங்கினார். படித்த பெண்கள் இரண்டு பேர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அந்த வீட்டில் அவர் குறுக்கே வருவதில்லை. எனக்குப் படுத்துத் தூங்கினால் போதும் என்று இருந்தது. படுத்தேவிட்டேன்.

அப்போது தாரணி அறைக்குள் வந்தாள். கதவோரம் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள். தன் கையில் பட்டையைத் தானே சுற்றிக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். நூற்றுப் பத்து, எழுபது. மிஷினை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“அப்பாவுக்குச் சரியாக் காட்டுது. எனக்குச் சரியாக் காட்டுது. அத்தை இதுவரைக்கும் பாத்ததே இல்லங்கறாங்க. பாக்காத ஆளுக்கு இல்லன்னு யாரும்மா சொன்னா? மிஷின் கரெக்ட்டு. உங்க ரெண்டு பேருக்கும்தான் இருக்கு.”

“தாரணி, இதுல ஒரு முறை இருக்குடி. ரெண்டாவது கேஜ் வச்சு...”

“பாய்லர் வெடிக்கற வரைக்கும் கேஜப் பத்தியே பேசிட்டு இருப்பியா?” குரல் உடைந்தது. “அன்னிக்கு டிஸ்சார்ஜ் பண்றப்ப சிஸ்டர் சொன்னாங்க இல்ல? விடாத தலைவலி, கண்ணுல பூச்சி பறக்கறது, மேல் வயித்து வலி, மூச்சு வாங்கறது, எது வந்தாலும் உடனே வரணும், ஆறு வாரம் வரைக்கும் ஜாக்கிரதையா இருக்கணும்னு. நீ சாக்ஸ் தேடிட்டு இருந்த. எந்திரி. ஆட்டோ கீழ நிக்குது.”

ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டுவதன் பயன் அன்று விளங்கியது.

ஆட்டோவில் நான், தாரணி, மடியில் பையனோடு அண்ணி. செல்வம் பின்னால் பைக்கில். காவிரிப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. மலைக்கோட்டை என் கண்ணுக்கு இரண்டாகத் தெரிந்தது. ஊருக்கு ஒன்றே அதிகம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஏனென்றால் முதல்முறையாகப் பயந்துவிட்டேன். வண்டி குலுங்கும்போதெல்லாம், இந்தப் பயலுக்கு என் முகம்கூட ஞாபகம் இருக்காதே என்று ஒரே எண்ணம். தாரணி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அண்ணி சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். பெருமாளிடம் வேண்டினாரா, கழித்தல் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தாரா, தெரியாது.

அவசரப் பிரிவில் மறுபடி பட்டை, மறுபடி உறுமல். அவர்கள் மிஷின் எங்கள் மிஷினோடு ஒத்துப்போனது. இரண்டு கேஜ் ஒரே பதிலைச் சொல்லிவிட்டது. என் தொழில் விதிப்படி இனி குற்றவாளி நான்தான்.

டாக்டரம்மா வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். “கர்ப்பத்துல பிரஷர் ஏறி, சிறுநீர்ல புரதம் போயி, மூளை, கல்லீரல்னு எல்லாத்தையும் தொந்தரவு பண்ற ஒரு வியாதி இருக்கு. பிரீ-எக்லாம்ப்சியான்னு சொல்வோம். பிள்ளை பொறந்துட்டா முடிஞ்சதுன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. பொறந்த பிறகும் வரும். கர்ப்பத்துல நல்லா இருந்தவங்களுக்கும் வரும். விட்டா வலிப்பு வரும், மூளையில ரத்தம் கசியலாம். வந்துட்டீங்க. பாத்துக்கலாம்.”

கசிவு என்ற சொல்லை அதுவரை எத்தனையோ அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். அன்றுதான் அதன் அர்த்தம் தெரிந்தது.

வலிப்பு வராமல் இருக்க மக்னீசியம் ஏற்றினார்கள். அது உடம்புக்குள் போகும்போது கொதிக்கும் சுண்ணாம்பை நரம்பில் ஊற்றியதுபோல் தகித்தது. நாக்கு கனத்தது. சிறுநீரை அளக்க ஒரு குழாய். அவ்வப்போது ஒரு டாக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ளினால் நல்லது, துள்ளாவிட்டால் மருந்து அளவு மீறிவிட்டது என்று அர்த்தமாம். நாங்களும் ஆலையில் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதுண்டு. தட்டு வாங்கும் பக்கத்தில் இருந்தது இதுவே முதல் தடவை.

கதவுக்கு வெளியே சிஸ்டரின் குரல் கேட்டது.

“உமா அட்டெண்டர் யாரு? ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க.”

செல்வத்தின் செருப்புச் சத்தம் கேட்டது, அண்ணியின் வளையல் சத்தமும். அதற்கு முன்னால் இன்னொரு குரல்.

“நான் வரேன்.”

“நீ யாரும்மா? சின்னப் பொண்ணா இருக்க. பேஷண்டுக்கு என்ன வேணும்?”

கொஞ்சம்கூட இடைவெளி இல்லை. “மகள். எங்க அம்மா அவங்க.”

எரிந்துகொண்டிருந்த உடம்பில் எங்கோ ஒரு வால்வு திறந்தது. உள்ளே வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் மானிட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். எண் இறங்க இறங்க கிரிக்கெட் வர்ணனைபோல் சொன்னாள். பால் கொடுக்கலாம் என்று டாக்டர் அனுமதித்ததும் பையனை வாங்கி வந்து என் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். அவன் புருவத்தைச் சுருக்கி அக்காவைப் பார்த்தான். “என்னடா மொறைக்கற? உன்னாலதான் எல்லாம்” என்றாள். அழவேண்டாம் என்று முடிவு செய்தான்.

பிரஷர் இறங்கியது. மாத்திரைகளோடு வீடு திரும்பினோம். பில்லைச் செல்வம் என்னிடம் காட்டவே இல்லை. படித்தால் மறுபடி ஏறிவிடும் என்றார். அண்ணியும் டாக்டரிடம் போய்வந்தார். தினமும் மாலையில் நாங்கள் இருவரும் சோபாவில் அருகருகே கையை நீட்டி உட்கார, தாரணி பட்டை சுற்றினாள். அண்ணியின் குழம்பில் உப்பு குறைந்தது. தண்ணீர்க் கட்டுப்பாடு சத்தமில்லாமல் போயிற்று. காதுப் பஞ்சு மட்டும் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் இடையே ஒரு மரியாதைக்காக.

ஆறாவது வாரப் பரிசோதனைக்கு மூவருமாகப் போனோம். அதே கூடம். தாரணி எனக்கு அடுத்த நாற்காலியில், மடியில் தம்பியோடு. நிறைமாதப் பெண் ஒருத்தியோடு வந்திருந்த ஓர் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“பேரனுங்களா?”

நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். பாலக்கரை அம்மாவிடம் எடுபட்டதுதான். வாய் திறப்பதற்குள் தாரணி முந்திக்கொண்டாள்.

“என் தம்பி. இவங்க எங்க அம்மா.” அந்த அம்மா அசடு வழிவதற்குக்கூட நேரம் தரவில்லை. “ஆன்ட்டி, அக்காவுக்குக் குழந்தை பொறந்த பிறகும் பிரஷர் பாக்கணும், தெரியும்ல? தலைவலி வந்தா சுக்கு போட்டுட்டு உக்காந்திருக்காதீங்க.”

உள்ளே சிஸ்டர் பட்டையைச் சுற்றினார். நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு. “சூப்பர்” என்றார் டாக்டரம்மா. மாத்திரையைக் குறைத்து நிறுத்தும் வழியைச் சொன்னார். ஒருமுறை இப்படி வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் பிரஷரும் இதயத் தொந்தரவும் வர வாய்ப்பு கூடுதல், வருஷா வருஷம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். தாரணி தலையை ஆட்டினாள். அவள் ஆட்டினால் நம்பலாம்.

எழுந்திருக்கும்போது மிஷினின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. சரிபார்த்த தேதி, செல்லுபடியாகும் தேதி. போன மாதத்தோடு முடிந்திருந்தது.

வாயைத் திறந்தேன்.

தாரணி என்னைப் பார்த்தாள்.

மூடிக்கொண்டேன்.